மாமியாரோட யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கும் ஞாயித்துக்கிழமை பன்னிக்கறிக்கும் சம்பந்தம் இருக்கா?

சிங்கப்பூர் யீஷூன்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "மாமியாருக்கு 68 வயசு. போன மாசம் ஊருக்குப் போயிட்டு வந்ததும் யூரின் இன்ஃபெக்‌ஷன். முதல்ல குடுத்த மாத்திரை கேக்கவே இல்ல, கல்ச்சர் டெஸ்ட் பண்ணி, இந்தக் கிருமிக்கு அந்த மருந்து வேலை செய்யாதுன்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. பன்னிப் பண்ணையில தீவனத்துலயே ஆன்டிபயாடிக் கலக்குறாங்கன்னு படிச்சேன். நாங்க வாரவாரம் தேக்கா சந்தையில பன்னிக்கறி வாங்குறோம், அதனால வந்துச்சா? 'ஆன்டிபயாடிக் இல்லாம வளர்த்தது'ன்னு லேபிள் போட்டது ரெண்டு மடங்கு விலையில இருக்கு, அதுக்கு மாறணுமா? நல்லா வேகவச்சா எல்லாம் போயிடும்னு வீட்டுக்காரர் சொல்றார்."

சகோதரி, உங்க வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. எந்தப் பாதின்னு புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா தெளிவாயிடும்.

கறியில நாம பயப்படுறது ரெண்டு தனித்தனி விஷயம். ஒண்ணு, மருந்தோட மிச்சம் கறியில தங்குறது. இன்னொண்ணு, மருந்துக்கு அடங்காத கிருமி கறி மேல ஒட்டிட்டு வர்றது. நிறைய பேர் இதை ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறாங்க. கிருமி சூட்டுக்குச் செத்துடும், மருந்துக்கு அடங்காத கிருமின்னா சூட்டுக்கும் அடங்காதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா மருந்து மிச்சம் அப்படி இல்ல, சில மருந்து கொதிக்க வச்சாலும் முழுசா அழியாது. அதனால அதை அடுப்புல இல்ல, பண்ணையிலயே தடுக்கணும். ஊசி போட்டாலோ மருந்து குடுத்தாலோ இத்தனை நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்னு ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்பு நாள் இருக்கு, அந்த நாளைக் கடைபிடிச்சா மிச்சம் அனுமதிச்ச அளவுக்குக் கீழ இறங்கிடும். இங்க வர்ற இறைச்சியைக் கண்காணிக்கிறது சிங்கப்பூர் உணவு அமைப்பு. புங்கோல்ல பன்னிப் பண்ணை இருந்த காலம் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 1980கள்ல ஆரம்பிச்சு எல்லாத்தையும் மூடியாச்சு. இப்ப நம்ம கறி முழுக்க வெளியில இருந்துதான் வருது, பிரேசில், ஆஸ்திரேலியா, சரவாக்னு. அதாவது நம்ம தட்டுல விழுறது எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ள வளர்ந்துச்சுங்கிறது முக்கியம்.

பண்ணையில ஏன் இவ்வளவு மருந்துன்னு கேட்டா, நான் கால்நடை மருத்துவன், குட்டிகளுக்கு என் கையால ஊசி போட்டவன், அதனால பண்ணைக்காரங்களைச் சும்மா திட்ட எனக்கு மனசு வராது. காட்டுல ஒரு பன்னிக்குட்டி மூணு மாசம் வரைக்கும்கூட தாய்ப்பால் குடிக்கும். பண்ணையில 3, 4 வாரத்துலயே பிரிச்சிடுறாங்க, தாய் சீக்கிரம் அடுத்த ஈத்துக்குத் தயாராகணும்னு. தாய்ப்பால்ல வர்ற பாதுகாப்பு திடீர்னு நின்னு, புதுத் தீவனம், புதுக் கூண்டு, தெரியாத குட்டிகளோட சண்டை எல்லாம் ஒரே நேரத்துல வருது, ஈ கோலை கிருமி குடல்ல பெருகி வயித்துப்போக்கு ஆரம்பிச்சிடுது. காலையில ஓடிட்டு இருந்த குட்டி மறுநாள் செத்துக் கிடக்கும். அந்த குட்டிக்கு ஊசி போடுறது வைத்தியம், அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. ஒண்ணுக்கு வந்தா நூத்துக்கும் தண்ணியில கலந்து குடுக்குறது, அதையும் தாண்டி நோயே இல்லாதப்ப சீக்கிரம் எடை ஏறணும்னு மாசக்கணக்கா தீவனத்துல கொஞ்சம் கொஞ்சமா போடுறது, இங்கதான் பிரச்சனை. 1950 வாக்குல அமெரிக்காவுல குளோர்டெட்ராசைக்ளின் தயாரிச்ச கழிவைத் தீவனத்துல போட்டப்ப குஞ்சுகள் வேகமா வளர்ந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் பரவுச்சு. கம்மி டோஸ்ல பலவீனமான கிருமி சாகும், தாங்குறது தங்கிப் பெருகும், அது மட்டுமில்ல, தாங்குற குணத்தை பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் கை மாத்திக் குடுத்திடும்.

கொலிஸ்டின்னு ஒரு மருந்து இருக்கு, வேற எதுவும் கேக்காத நோயாளிக்கு டாக்டருங்க கடைசியா எடுக்குறது. அதை பன்னித் தீவனத்துல கலந்து போட்டுட்டு இருந்தாங்க. 2015ல சீனாவுல பன்னி, கறி, மனுஷங்க மூணுலயும் அதைத் தோக்கடிக்கிற எம்சிஆர்-1 மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க, கிருமிக்குக் கிருமி சுலபமா தாவுற வகை. அந்தச் செய்தி படிச்ச அன்னைக்கு எனக்கு உண்மையிலேயே பயமாயிடுச்சு. சீனா 2017ல எடை ஏத்துறதுக்குப் போடுறதை நிறுத்துச்சு, இந்தியாவும் மலேசியாவும் 2019ல உணவுக் கால்நடைக்கு கொலிஸ்டினைத் தடை பண்ணுச்சு. ஐரோப்பிய யூனியன் எடை ஏத்துற ஆன்டிபயாடிக் மொத்தத்தையும் 2006லயே தடை பண்ணியாச்சு, இந்தோனேசியா 2018ல. டென்மார்க்ல 2010ல இருந்து அளவுக்கு மேல மருந்து போடுற பண்ணைக்கு கால்பந்து மாதிரி எச்சரிக்கையா மஞ்சள் அட்டை குடுக்குறாங்க, அவங்க இன்னமும் பன்னிக்கறி ஏற்றுமதியில பெரிய ஆளுங்கதான். முடியாதுன்னு சொல்றவங்ககிட்ட நான் காட்டுறது இந்த உதாரணத்தைத்தான்.

சரி, உங்க மாமியார் விஷயம். யூரின் இன்ஃபெக்‌ஷன் பெரும்பாலும் அவங்கவங்க குடல்ல இருக்கிற ஈ கோலையால வர்றது. அந்த கிருமி கறியில இருந்து குடலுக்கு வந்திருக்கலாம், பன்னியை விட கோழியிலதான் அதுக்கு ஆதாரம் அதிகம், ஆனா ஒரு ஆளைப் பார்த்து இந்த வழியாத்தான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு முதல் சந்தேகம் கறி மேல இல்ல, ஊர்ப் பயணம் மேல. தெற்காசியாவுக்குப் போயிட்டு வர்றவங்க நிறைய பேர் மருந்துக்கு அடங்காத குடல் கிருமியைச் சுமந்துட்டு வர்றாங்க, அது சில மாசம்கூட தங்கும், தங்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னொரு கேள்வியும் கோவிச்சுக்காம யோசிங்க, ஊர்ல மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்கின அமாக்ஸிசிலின், சிப்ரோ மாதிரி ஆன்டிபயாடிக் ஏதாவது வீட்டுல இருக்கா? காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் போட்டு நிறுத்துற பழக்கம் அவங்களுக்கு இருக்கா? பன்னித் தீவனத்துல நடக்குற அதே வேலைதான் அப்ப நம்ம குடல்லயும் நடக்குது.

கறி விஷயத்துல பணத்தை விட பலகையைக் கவனிங்க. ஞாயித்துக்கிழமை வறுவல் ஒரு மணி நேரம் வேகுது, அதுல நாம பயப்படுற இந்தக் கிருமி மிஞ்சாது. மிஞ்சுறது தயிர் பச்சடியில. கறி வெட்டுன பலகையிலயே வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்குறோம், கறி பிசைஞ்ச கையோட உப்பு டப்பாவைத் தொடுறோம். பலகையும் கத்தியும் கறிக்குத் தனியா வைங்க, முடியலன்னா பச்சைக் காயை முதல்ல நறுக்கிட்டு கறியைக் கடைசியா வெட்டுங்க. கறியைக் குழாயடியில தேய்ச்சுக் கழுவாதீங்க, நம்ம ஆளுங்களுக்கு இது கஷ்டம்னு தெரியும், ஆனா தெறிக்கிற தண்ணி சிங்க் முழுக்கப் போகும், வேணும்னா டிஷ்யூல ஒத்தி எடுங்க. ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துடும்னு நம்பாதீங்க, தூங்குது அவ்வளவுதான். ஸ்டீம்போட்ல, அதாவது மேசையில கொதிக்கிற சூப்புல, மெல்லிசா போட்டு உடனே எடுக்குறதுல கவனம், துண்டு முழுக்க நிறம் மாறணும், நடுவுல 75 டிகிரி வரணும்.

லேபிளுக்கு வருவோம். அந்த லேபிள் பண்ணையில என்ன நடந்துச்சுன்னு சொல்லுது, பாக்கெட்ல கிருமி இல்லன்னு சொல்லல, அதையும் அதே மாதிரிதான் கையாளணும். 'ஆன்டிபயாடிக் மிச்சம் இல்லாதது'ன்னு மட்டும் போட்டிருந்தா அதுக்கு ரெண்டு மடங்கு குடுக்காதீங்க, சட்டப்படி வர்ற எல்லா கறியும் மிச்ச அளவுக்குள்ளதான் இருக்கணும். 'பிறந்ததுல இருந்து குடுக்கல'ன்னு இருந்தா அது வேற, கையில காசு இருந்து அந்த மாதிரிப் பண்ணைக்கு ஆதரவா வாங்கினா எனக்கு சந்தோஷம், ஆனா மாமியார் உடம்புக்காகன்னு கடன்பட்டு வாங்க வேண்டாம். நடுவுல ஒரு வழி சொல்றேன். ஆஸ்திரேலியாவுல சிப்ரோ குடும்ப மருந்தை உணவுக் கால்நடைக்குப் போட அனுமதியே இல்ல, லேபிள் இல்லாட்டியும் பாக்கெட்ல நாட்டுப் பேரைப் பார்த்து வாங்கலாம். சந்தையில கடைக்கார அங்கிள்கிட்ட எங்க இருந்து வர்றதுன்னு கேளுங்க, தினம் விக்கிறவருக்குத் தெரியாம இருக்காது.

மாமியாரோட கல்ச்சர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து உங்க போன்லயும் வீட்டுக்காரர் போன்லயும் வைங்க. மறுபடி காய்ச்சலோ எரிச்சலோ வந்தா டாக்டர்கிட்ட அதைக் காட்டுங்க, ஊருக்குப் போயிட்டு வந்ததையும் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, முதல் மாத்திரையிலயே சரியானதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அதுதான் உதவும்.