திண்ணையில் கிடந்த தேக்கு மேசை: மேலே இருப்பது பாலீஷா, வார்னிஷா?

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா காலத்துத் தேக்கு மேசை, பல வருடம் திண்ணையில் கிடந்தது. மேலே கருப்பாக இருக்கிறது, சித்திரை வெயிலில் கை ஒட்டுகிறது, ஓரமெல்லாம் பொருக்கு. என்ன பூச்சு இது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?"

உப்புத்தாளைத் தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள். தேய்க்கிற சூட்டில் பூச்சு இளகித் தாளை அடைத்துவிடும், அடியில் என்ன இருந்தது என்ற தடயமும் போய்விடும். எங்காவது பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஆகவே ஆகாது.

கை ஒட்டுகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் பூச்சாகவே இருக்காது. பொங்கலுக்குப் பொங்கல் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆளி விதை எண்ணெய் மாதிரி அது காய்ந்து இறுகாது, புழுதியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். மேசைக்காலின் பின்பக்கம் ஓர் இடத்தில் டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய் அழுக்கும் மெழுகும் இருந்தால் கருப்பாகத் துணியில் வந்துவிடும்.

அது காய்ந்தபிறகுதான் உண்மையான சோதனை. பாலீஷ் போடுகிற ஆசாரியிடம் கொஞ்சம் ஸ்பிரிட் (பாலீஷ் கரைக்கிற ஆல்கஹால்) வாங்கி, பஞ்சில் நனைத்து அதே இடத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சு டிக்காஷன் நிறத்தில், பிசுபிசுவென்று வந்தால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலீஷ். சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுகிற மேசைகள் பலவும் இந்த ரகம்தான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு (டர்பன்டைன் அல்ல, லாக்கருக்கென்று விற்கிற கரைப்பான்) கரைந்தால் அது லாக்கர், சீக்கிரம் காய்கிற ஒரு பூச்சு. இரண்டுக்குமே கரையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு): பிளேடால் சுரண்டினால் பழைய வார்னிஷ் பொடியாக உதிரும், பி.யூ. பிளாஸ்டிக் மாதிரி சுருண்டு வரும். ஸ்பிரிட்டை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது, தின்னர் அரக்கையும் ஓரளவு இளக்கிவிடும், அப்புறம் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் மேசையில் ஒரே பூச்சுதான் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் பாலீஷ் போட்டிருப்பார்கள், பின்னால் யாராவது மேலேயே வார்னிஷ் அடித்திருப்பார்கள். அதனால் பொருக்கு விட்ட ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, குனிந்து பக்கத்திலிருந்தே பாருங்கள். மேல்தோல் அப்படியே நிற்க, விரிசல் வழியாக இறங்கிய ஸ்பிரிட்டில் அடியில் இருப்பது மட்டும் குழைந்து பழுப்பாகக் கசிந்தால், கீழே அரக்கு, மேலே வார்னிஷ். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மேல்தோலைச் சுரண்டிவிட்டு அங்கே மறுபடி சோதித்தால் சந்தேகமே இருக்காது.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது, ஸ்பிரிட்டும் தின்னரும் சட்டென்று பற்றும்.

மேலிருந்து அடிவரை வெறும் அரக்குதான் என்று தெரிந்தால் உரிக்கவே வேண்டாம். அழுக்கை எடுத்துவிட்டு ஸ்பிரிட் தொட்ட பிரஷை லேசாக ஓட்டினாலே சின்னச் சின்ன விரிசல்கள் இளகிக் கூடிக்கொள்ளும், அதன் மேலே புது பாலீஷ் இரண்டு கை போட்டால் போதும்.