அல்புஹாரா கிராமத்து வீடுகளில் தங்க: வாசகர் கேள்விகள்

ஸ்பெயினின் தெற்கே, சியெரா நெவாடா மலையின் தென்சரிவில் இருக்கிறது அல்புஹாரா. அங்குள்ள பொக்கேய்ரா பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்ற மூன்று வெள்ளைக் கிராமங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. இவற்றின் சிறு தங்கும் வீடுகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்தன.

கேள்வி: இணையத்தில் 'காசா ருரால்', 'ஓஸ்டால்' என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. ஓஸ்டால் என்றால் பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கும் ஹாஸ்டல்தானே? நாங்கள் நால்வர், மூன்று இரவு தங்க வேண்டும். (வாசகி, கோவை)

இல்லை. ஸ்பெயினில் ஓஸ்டால் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சிறு விடுதி. தனி அறை உண்டு. குளியலறை அறைக்குள்ளா வெளியிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காசா ருரால் என்பது கிராமத்து வீடு. சிலர் அறை அறையாகத் தருவார்கள், சிலர் முழு வீட்டையும் தருவார்கள். நால்வர் மூன்று இரவு என்றால் முழு வீடுதான் உங்களுக்கு வசதி, சமையலறை கிடைக்கும். ஒரே ஓர் இரவுக்கு முழு வீட்டை எடுக்காதீர்கள். வீடு சூடேறுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

முன்பதிவுக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விறகு வாடகையில் சேர்த்தியா, படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா, முன்பணம் எவ்வளவு, கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படி. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கல் பாவிய செங்குத்தான சந்துகளில் சக்கரப் பெட்டி உருளாது, தூக்கித்தான் போக வேண்டும். முதுகுப்பையே நல்லது. வயதான பெற்றோர் உடன் வந்தால் கிராமத்தின் கீழ்முனையிலோ சாலையோரத்திலோ வீடு பாருங்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் போகிறோம். தெற்கு ஸ்பெயின் வெயில் ஊர் என்கிறார்களே, ஹீட்டர் தேவைப்படுமா? (வாசகர், திருச்சி)

கண்டிப்பாகத் தேவை. கபிலெய்ரா சுமார் 1,436 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் இதமாக இருக்கும், இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கல் சுவர்கள் கனமானவை. கோடையில் குளுமை தரும் அதே சுவர், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் வருவதற்கு முந்தைய நாளே சூடேற்றி வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இதைவிடப் பயனுள்ள ஒரு வரி வேறில்லை.

பல வீடுகளில் சிமெனேயா, அதாவது சுவரோடு சேர்ந்த விறகு அடுப்பு இருக்கும். புகை அறைக்குள் திரும்புகிறது என்றால் காரணம் மூன்று. புகைபோக்கியின் கதவு மூடியிருக்கும். அல்லது குழாய்க்குள் குளிர்ந்த காற்று தங்கி நிற்கும். அல்லது விறகு ஈரமாக இருக்கும். முதலில் கதவை முழுக்கத் திறந்து, செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயருகே அரை நிமிடம் பிடியுங்கள். காற்று மேலே இழுக்கத் தொடங்கியபின் சுள்ளி, அதன்பின் மணிக்கட்டுப் பருமன் கட்டை இரண்டு மூன்று. நுனியில் வெடிப்புக் கண்ட, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கட்டை காய்ந்தது. சீறிக்கொண்டு நுரை தள்ளினால் அது பச்சை விறகு.

இரவு தணல் சிவப்பாக இருக்கும்போது சூடு போய்விடுமே என்று புகைபோக்கிக் கதவை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒரு ஜன்னலை விரல்கடை அளவு திறந்து வையுங்கள். சாம்பலை மறுநாள் உலோக வாளியில்தான் அள்ள வேண்டும், பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டக் கூடாது.

கீழ்வரை துணி தொங்கும் வட்ட மேசை இருந்தால் அது 'மேசா கமில்யா'. அதன் அடியில் மின்சார பிரசேரோ, அதாவது கால் காயவைக்கும் கணப்பு இருக்கும். துணியை மடிமேல் இழுத்துவிட்டு உட்கார்ந்தால் கால் சூடாகிவிடும். மேசையை விட்டு எழும்போது அணைத்துவிடுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி கரண்ட் போகிறது, வெந்நீர் நின்றுவிடுகிறது என்று படித்தேன். ஏன்? (வாசகர், மதுரை)

ஸ்பெயினில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் உண்டு. சிறு வீடுகளில் அது குறைவு. 2 கிலோவாட் கெட்டிலும் 2 கிலோவாட் ஹீட்டரும் சேர்ந்து ஓடினாலே அளவைத் தாண்டிவிடும். முதலில் ஒன்றை அணையுங்கள், பிறகு பெட்டியில் கீழே விழுந்த சுவிட்சை மேலே தூக்குங்கள். எல்லாச் சுவிட்சும் மேலே இருந்தும் கரண்ட் இல்லையென்றால், மீட்டரே நிறுத்தியிருக்கிறது. பெரிய சுவிட்சைக் கீழே இறக்கி, பத்து விநாடி விட்டு ஏற்றுங்கள்.

வெந்நீர் பல வீடுகளில் 12.5 கிலோ ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரில் வருகிறது. குளிக்கும் நடுவில் தீர்ந்துபோகும். மாற்றுச் சிலிண்டர் எங்கே என்று வந்த அன்றே கேட்டு, ரெகுலேட்டரை மாற்றும் விதத்தையும் செய்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் நிறைந்திருந்தும் கொதிகலன் பற்றவில்லையா? பலவற்றில் தீப்பொறிக்குப் பெரிய டார்ச் பேட்டரி இரண்டு இருக்கும். அவை செத்திருக்கலாம்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். பட்டினிதானா? (வாசகி, கும்பகோணம்)

உணவகங்களை மட்டும் நம்பினால் சிரமம். அந்தப் பகுதியின் பெருமைக்குரிய 'பிளாத்தோ அல்புஹாரெனியோ' தட்டில் ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை), சொரிஸோ (காரப் பன்றிக் குழல் இறைச்சி), ரத்தம் அடைத்த குழல் இறைச்சி என்று பன்றி வகையே நிறைந்திருக்கும், முட்டையும் உண்டு. 'கார்னே (இறைச்சி) இல்லாமல்' என்று சொன்னால் மட்டும் போதாது. பலருக்கு ஹமோனும் சூரை மீனும் கார்னே கணக்கில் வராது. 'நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி உவேவோ' (இறைச்சி, ஹமோன், மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று நான்கையும் சொல்லுங்கள். பருப்பு சூப் கேட்பதற்கு முன் அதில் சொரிஸோ போட்டார்களா என்று விசாரியுங்கள், வழக்கமாகப் போடுவார்கள்.

கேட்கத் தக்கவை: உருளை, குடமிளகாய், வெங்காயம் ஆலிவ் எண்ணெயில் வெந்த 'பப்பாஸ் ஆ லோ போப்ரே', கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் (மாவில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்), சுட்ட குடமிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி. சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் கவனிக்க: பலவற்றில் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கிறார்கள்.

அதனால்தான் சமையலறை உள்ள வீடு. கபிலெய்ரா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலர்ந்த கொண்டைக்கடலை வேக வெகுநேரம் பிடிக்கும். கண்ணாடி ஜாடியில் வேகவைத்தே விற்கும் கொண்டைக்கடலையை வாங்குங்கள். ரசப்பொடி, சாம்பார்பொடி எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரத் தடை உண்டு. சின்ன ஊர்க் கடை மதியம் 2 மணிக்கு மூடிவிட்டு மாலைதான் திறக்கும், ஞாயிறு நம்ப முடியாது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். உணவகத்தில் இரவுச் சாப்பாடு 9 மணிக்கு முன் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் பாஸ்போர்ட் விவரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், சென்னை)

விவரத்தைக் கொடுங்கள். விருந்தினர் விவரத்தைப் பதிந்து அதிகாரிகளுக்கு அனுப்புவது அங்கே சட்டக் கடமை. 2024 டிசம்பர் 2 முதல் கேட்கும் விவரங்கள் கூடிவிட்டன. ஆனால் அவர் நகலை வைத்துக்கொள்ள அவசியமில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். விசாவுக்கான முன்பதிவுக் கடிதத்தில் நால்வர் பெயரும், முகவரியும், தேதிகளும் இருக்கட்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல் வரும்.

கேள்வி: கார் எடுக்கலாமா, பஸ்ஸா? (வாசகர், சேலம்)

மலைவளைவு பழக்கமில்லை என்றால் பஸ். கிரனாதா நகரிலிருந்து மலையடிவார ஊரான ஓர்ஹிவா வழியாக கபிலெய்ராவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். நாளுக்குச் சில வண்டிகளே, கடைசி வண்டி தவறினால் டாக்சிதான். கார் என்றால் ஓர்ஹிவாவிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். காரைக் கிராமத்து முகப்பிலேயே விடுங்கள், உள்ளே திருப்ப இடமிருக்காது.