குக்கர் விசிலும் பாதிக் கோரையும்

அன்புள்ள அக்கா,

ஒங்க கதைகள ரொம்ப நாளா வாசிக்கேன். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணத்துக்கு முந்தி காலேஜ் மலர்ல எல்லாம் கவிதை வந்துருக்கு. இப்ப ரெண்டு பிள்ளைய, மாமியாருக்கு சுகர், காலைல நாலரைக்கு எந்திரிச்சா ராத்திரி பத்தரைக்குத்தான் முதுகு தரையில படுது. எழுதி ஏழு வருசம் ஆச்சு. அதக்கூட விட்ருவேன், சாமி கும்பிடவும் முடியலக்கா, வெளக்கேத்தி கண்ண மூடுனா மனசு குக்கர் விசில எண்ணுது. இது பாவமா? போன வாரம் தாமிரபரணி ஆத்துக்குள்ள இருக்க குருக்குத்துறை முருகன் கோயிலப் பத்தி நாலு வரி வந்துச்சு:

வெள்ளம் வடிஞ்ச மறுநாள்
தூண் உச்சியில் ஒட்டிக் கிடக்கு ஒரு வாழைச்சருகு
கீழே முருகன் வாசலில் சகதி கழுவுகிறார்கள்
வாழ்க்கையும் இப்படித்தான் வடியும்

பேரு போட வேண்டாம். பால் பொங்குது, வாரேன்க்கா.

பதில்:

தங்கச்சிக்கு,

மொதல்ல அந்த விசில் விசயத்தச் சொல்லிருதேன். நம்ம திருநெல்வேலிக்குப் பேரு எப்பிடி வந்துச்சுன்னு சின்னதுல ஆச்சி சொல்லிக் கேட்டுருப்பீய. வேதசர்மா சாமி நைவேத்தியத்துக்குன்னு வீடு வீடா வாங்குன நெல்லக் காயப் போட்டுட்டு ஆத்துக்குக் குளிக்கப் போறாரு, மழை பிடிச்சுக் கொட்டுது, பாதிக் குளியல்ல நெல்லு நெல்லுன்னு ஓடியாராரு, வந்து பாத்தா சுத்தி வெள்ளம், நெல்லு மேல மட்டும் ஒரு சொட்டு இல்ல, சாமி வேலி போட்டு வச்சுருக்காரு. அதான் நெல்வேலி. தை மாசம் நெல்லையப்பர் கோயில்ல இத நடத்தியே காட்டுவாவ. இப்ப சொல்லுங்க, தண்ணிக்குள்ள நிக்கும்போது அந்த மனுசன் மனசுல மந்திரமா ஓடிருக்கும்? நெல்லுதான் ஓடிருக்கும். அதுக்காவ சாமி கோவிச்சுக்கிட்டாருன்னு எந்த ஆச்சியும் எனக்குச் சொன்னதில்ல. நீங்க பாட்டுக்கு விசில எண்ணுங்க, பருப்பும் அவரு குடுத்ததுதான்.

எழுத்து அப்பிடி இல்ல, அது கோவிச்சுக்கும். ஏழு வருசம் திரும்பிப் பாக்கலன்னா கூப்புட்டாலும் வராது. குடும்பத்தப் பாக்கதே தவம், அதுவே பெரிய கவிதைன்னு மேடையில பேசுவாவ, நாமளும் கை தட்டிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் வெளக்குவோம். நம்பாதீய. பாத்திரம் வெளக்குதது பாத்திரம் வெளக்குததுதான், கவிதை வேற. அதே மாதிரி பிள்ளைய வளந்த பெறவு நெறைய நேரம் கெடைக்கும்னு சொல்லுததையும் நம்பாதீய, எனக்குப் பெரியவன் பிளஸ் டூ, நேரம் இன்னும் வந்து சேரல.

பத்து வருசத்துக்கு முன்னால பத்தமடையில ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், சொந்தத்துல ஒரு கல்யாணம், மாப்பிள்ளை பொண்ணு பேரு போட்ட பாய் சொல்லி வைக்கணும். ஆத்தங்கரைக் கோரைய அறுத்துக் காயவச்சு, கீறி, ஓடுத தண்ணில நாள்கணக்கா ஊறப்போட்டு, மறுபடி காயவச்சு, பெறவுதான் அது தறிக்கே வரும். தறியும் நாம நெனைக்க மாதிரி இல்ல, தரையோட தரையா கெடக்கு, நீளவாக்குல ஓடுத பாவு பருத்தி நூலு. ஒரு வயசான அம்மா குனிஞ்சு உக்காந்து கோரைய ஒவ்வொண்ணா குச்சில மாட்டி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விடுதாவ. நான் இருந்த ரெண்டு மணி நேரத்துல கொழம்புக்கு ஒருக்க, பேரன் விழுந்து அழுததுக்கு ஒருக்க, சிலிண்டர்காரனுக்கு ஒருக்க, லுஹர் பாங்கு சொன்னதும் தொழுகைக்கு ஒருக்கன்னு எந்திரிச்சு எந்திரிச்சு போறாவ. ஒவ்வொரு தடவையும் கோரை பாதி தூரம்தான் போயிருக்கும், மீதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அப்பிடியே விட்டுட்டுப் போயிருதாவ. எனக்குப் பொறுக்கல. அந்த ஒத்தக் கோரைய முடிச்சுட்டு எந்திரிக்கலாம்லன்னு கேட்டேன். "முடிச்சுட்டுப் போனா திரும்பி வந்து எங்க தொடங்கன்னு முழிக்கணும்லா, இது நீட்டிக்கிட்டு இருந்தா கை தானா போய்ப் பிடிச்சுக்கிடும்"னாவ.

அன்னைலருந்து நானும் வாக்கியத்த முடிச்சுட்டு எந்திரிக்கதில்ல. தினசரி காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் எழுதுவேன், யாராச்சும் கூப்புட்டா அந்த வார்த்தையோட நிறுத்தி அரிசி டப்பாவுக்குப் பின்னால சொருகிருவேன், அடுத்து அரிசி எடுக்கப் போகும்போது மீதி வார்த்தை தானா வந்துரும். ஒரு கதை முழுசும் அப்பிடி 41 தாள்ல எழுதுனது. அதுல கடைசித் தாளு காணாமப் போச்சு. வீடு பூரா தேடி, பிள்ளையள ஏசி, கடைசில பாத்தா எங்க மாமியாரு அதுல திருநீறு மடிச்சு எங்க வீட்டுக்காரவுக பர்ஸ்ல வச்சு விட்டுருக்காவ. ரெண்டு மாசமா என் கதையோட முடிவு அவுக பின்பாக்கெட்டுல திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டு வந்துருக்கு! மை எல்லாம் கலைஞ்சு போச்சு, வேற முடிவு எழுதுனேன், சத்தியமா பழசவிட நல்லாருந்துச்சு.

இன்னொண்ணு, இத மட்டும் கொஞ்சம் கறாராச் சொல்லுதேன். ஒங்க கடிதத்துல பிள்ளைய இருக்கு, மாமியாரு இருக்காவ, பால்கூட இருக்கு, வீட்டுக்காரவுக ஒரு எடத்துலயும் வரல. பால் பொங்குனா அடுப்ப அணைக்க அவுகளுக்கும் கை இருக்கு. சண்டை எல்லாம் வேண்டாம், நான் எழுதுதேன், நீங்க பாத்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இனி அந்த நாலு வரி. 2023 டிசம்பர்ல அந்தக் கோயிலே முங்குன மாதிரி தண்ணி போச்சுல்லா, ஒங்க ரெண்டாவது வரிய வாசிச்சதும் எனக்கு அன்னைக்குப் பாத்த ஆறு அப்பிடியே வந்துட்டு. தண்ணி எம்புட்டு ஒசரம் வந்துச்சுன்னு அந்தச் சருகே சொல்லிருது, வெள்ளத்தப் பத்தி வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூணாவது வரில 'கழுவுகிறார்கள்'னு போட்டுருக்கீய, யாரு கழுவுதாவ? வாளி யாரு கையில இருந்துச்சு? அத நீங்க பாத்துருப்பீய, எழுதல. நாலாவது வரிய அடிச்சிருங்க, வாழ்க்கைய வாசிக்கவன் பாத்துக்கிடுவான். அடிச்சுட்டு மூணாவதயும் இப்ப முடிக்காதீய, 'கழுவு'ங்கதோட நிறுத்தி எங்கயாவது சொருகி வைங்க. ஒங்க மாமியாரு கையில ஆப்படாத எடமாப் பாத்து.