டெஸ்ட் முடிந்தும் அடங்காத சர்வர்

கேள்வி: பைத்தானில் எழுதிய சின்ன ஹெச்டிடிபி சர்வருக்கு யூனிட் டெஸ்ட் எழுதினேன். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன் ஓடும் செட்டப்பில் தனி த்ரெட் (இணையாக ஓடும் வேலை) போட்டு சர்வரை ஓட விடுகிறேன். டெஸ்ட் பாஸ் ஆகி ‘ஓகே’ வந்த பிறகும் டெர்மினல் அப்படியே நிற்கிறது, கன்ட்ரோல் சி அடித்தால்தான் விடுகிறது. நண்பர் சொன்னாரென்று த்ரெட்டை டீமன் ஆக்கினேன், அது சரியானது. ஆனால் இரண்டாவது டெஸ்ட் சேர்த்ததும் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நண்பர் சொன்னதில் பாதிதான் வேலைக்கு ஆகும். சாதாரண த்ரெட் முடியும்வரை பைத்தான் வெளியேறாமல் காத்திருக்கும், டீமன் என்றால் காத்திருக்காது, அவ்வளவுதான். நடுவில், அடுத்த டெஸ்ட் ஓடும்போது, பழைய சர்வர் போர்ட்டை (இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் எண்ணை) பிடித்துக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறது.

மூன்று வேலை செய்ய வேண்டும், வரிசை மாறக்கூடாது. முதலில் ‘ஷட்டவுன்’, இது சர்வரை ஓட வைத்திருக்கும் சர்வ்_ஃபாரெவர் சுற்றை நிறுத்தும் (சர்வர் ஓடும் அதே த்ரெட்டிலிருந்து கூப்பிட்டால் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டும் உறைந்துவிடும்). அடுத்து த்ரெட்டுக்கு ‘ஜாயின்’, அது முடியும்வரை காத்திருக்க. டைம்அவுட் கொடுத்தால் த்ரெட் முடிந்ததா இல்லையா என்று சொல்லாமலே திரும்பிவிடும், ‘ஈஸ்_அலைவ்’ கேட்டுப் பாருங்கள். கடைசியில் ‘சர்வர்_குளோஸ்’. பலர் விடுவது இதைத்தான். குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு சாவியை மட்டும் கையில் வைத்திருப்பது மாதிரி, சுற்று நின்றாலும் போர்ட்டைப் பிடித்திருக்கும் சாக்கெட் மூடப்படாமல் இருக்கும்.

இதையெல்லாம் டெஸ்ட் முடிந்ததும் ஓடும் டியர்டவுனில் எழுதலாமே என்பீர்கள். செட்டப் பாதியில் விழுந்தால் டியர்டவுன் ஓடவே ஓடாது, ஆனால் முடிவில் செய்ய வேண்டியதைப் பதிந்து வைக்கும் ‘ஆட்கிளீனப்’பில் அதுவரை பதிந்தவை ஓடும், அதுவும் கடைசியில் பதிந்தது முதலில். அதனால் சர்வரை உருவாக்கிய கையோடு சர்வர்_குளோஸைப் பதியுங்கள், த்ரெட்டை ஸ்டார்ட் செய்த பிறகு ஜாயின், அப்புறம் ஷட்டவுன். ஸ்டார்ட்டுக்கு முன்பே ஷட்டவுனைப் பதிய வேண்டாம், ஓடவே தொடங்காத சர்வருக்கு ஷட்டவுன் சொன்னால் அது முடிவில்லாமல் காத்திருக்கும்.

போர்ட் எண்ணை 8000 என்று எழுதி வைத்திருந்தால் 0 ஆக்கிவிடுங்கள், காலியாக இருக்கும் ஒன்றை ஆபரேட்டிங் சிஸ்டமே கொடுக்கும், அதை ‘சர்வர்_போர்ட்’டில் படித்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகு டெஸ்ட் மெதுவாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், சர்வ்_ஃபாரெவர் அரை விநாடிக்கு ஒருமுறைதான் நிற்கச் சொன்னார்களா என்று பார்க்கும். அந்த இடைவெளியான ‘போல்_இன்டர்வல்’லை 0.01 ஆக்கினால் போதும்.