இருட்டு ரூமுக்கு டார்க் டைல்ஸ் போடலாமா? வந்த கேள்வியும் என் பதிலும்

டைல்ஸ் வேலைலயே இருக்கதால தினமும் யாராவது போட்டோ அனுப்பி "அண்ணாச்சி, இந்த டார்க் கலர் எடுக்கலாமா"ன்னு கேக்காங்க. தனித்தனியா டைப் பண்ணி கை கடுக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

வீட்ட சுத்தி ரப்பர் மரம், பெட்ரூம்ல பகல்லயும் லைட் வேணும். வீட்டுக்காரிக்கு டார்க் கிரேதான் வேணுமாம். குகை மாதிரி ஆயிருமோ? (குலசேகரம்)

ஜன்னல் சின்னதுன்னா ஆயிரும். ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம் முதல்ல விழுறதே தரைலதான், அங்க இருந்து தெறிச்சுதான் சீலிங்குக்கு போவுது. நல்ல வெள்ளை பெயிண்ட் வர்ற வெளிச்சத்துல 80 சதவீதம் திருப்பிக் குடுக்கும்னா கருப்பு டைல்ஸ் 10 கூட தேறாது. கடைல "கிளாஸி எடுங்க, வெளிச்சம் அடிக்கும்"னு சொல்லுவாங்க, அது பாதிதான் உண்மை, ஏன்னா அந்த பளபளப்புல தெரியது ஜன்னலுக்க பிம்பம், நீங்க நிக்கிற எடத்துல இருந்து பாத்தா ஒரு பட்டை மட்டும் மின்னும், மூலை அப்படியேதான் கெடக்கும்.

கடைல ஃபோகஸ் லைட்டுக்கு கீழ பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரே ஒரு பாக்ஸ் வாங்கிட்டு வந்து கட்டில் போடுற மூலைல பரப்பி, லைட்ட அணைச்சுட்டு காலைல ஒருக்க, சாயங்காலம் 5 மணிக்கு ஒருக்க பாருங்க. இன்னொண்ணு, தை மாசம் ரப்பர் இலை உதிர்ந்து கெடக்கும்போது ரூம் நல்ல வெளிச்சமா தெரியும், அத நம்பி எடுத்தவங்க ஆனி ஆடி மழைல தலைல கை வச்சத நானே பாத்திருக்கேன். இலை நிறைஞ்சு நிக்கும்போது பாத்து எடுங்க.

பத்மநாபபுரம் அரண்மனைலயும் உள்ள இருட்டுதான, கருப்பு தரைதான, அங்க மட்டும் எப்படி அழகா இருக்கு? (தக்கலை)

நல்ல கேள்வி கேட்டீங்க. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருன்னு சேத்து தேச்ச தரைன்னு சொல்லுவாங்க, கண்ணாடி மாதிரி கெடக்கும். ஆனா அங்க வெளிச்சம் மரச்சட்டம் வழியா பக்கவாட்டுல தாழ்வா வருது, அப்படி சாஞ்சு வர்ற வெளிச்சம்தான் கருப்புத் தரைல மின்னும். நம்ம ரூம்ல நடு சீலிங்ல ஒரு எல்இடி பல்ப தொங்க விட்டா தரைல அந்த பல்புதான் தெரியும், கண்ணு கூசும். அடுத்த தடவை போனா தூண பாக்காம தரைய குனிஞ்சு பாருங்க (திங்கக்கிழமை லீவு, போயி ஏமாறாதீங்க). அதே மாதிரி வேணும்னா பிளாக் ஆக்சைடு தரை (சிமெண்ட்ல கருப்பு நிறப்பொடி கலந்து தேய்க்கது) போடலாம், ஆனா கைத்தேர்ந்த கொத்தனார் கெடைக்கணும், இல்லன்னா விரிசல் விட்டுரும்.

ஜன்னல் இல்லாத பாத்ரூம், முழுசா கருப்பு போடணும்னு ஆசை. (மார்த்தாண்டம்)

போர் தண்ணியா? அப்படின்னா வேண்டாம். உப்புத்தண்ணி காஞ்சா கருப்புல வெள்ளை வெள்ளையா பூத்து நிக்கும், தினமும் வைப்பர் போட மனசிருந்தா மட்டும் போடுங்க. கறைக்கு ஆசிட் ஊத்தாதீங்க, சிமெண்ட் ஜாயிண்ட அரிச்சிரும். கடப்பா கல்லுன்னா வினிகர் கூட படக்கூடாது, அது சுண்ணாம்புக்கல்லு. ஒரு சுவர் மட்டும் கருப்பா விட்டுட்டு தரைக்கு நடுத்தர கிரேல மேட் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாதது) போடுங்க, அவ்வளவா வழுக்காது.

கடலுக்கு பக்கத்து வீடு. கருப்புல அழுக்கு தெரியாதுன்னு சொல்றாங்களே? (குளச்சல்)

யாரு சொன்னா? வெள்ளையில முடி தெரியும், கருப்புல மணலு, தூசி, கால்தடம் எல்லாம் தெரியும். மணலு பளபளப்ப கீறவும் செய்யும். வாங்கும்போது டைல்ஸ திருப்பி ஓரத்த பாருங்க, ஜிவிடில (மேல பிரிண்ட் அடிச்சு கிளேஸ் பூசுன டைல்ஸ்) மேல பிரிண்ட் மட்டும்தான் டார்க்கா இருக்கும், உள்ள வெளுப்பா இருக்கும், ஒரு பாத்திரம் விழுந்து மூலை பேந்தா அந்த வெள்ளைப் புள்ளி ஆயுசுக்கும் கண்ண உறுத்தும். டபுள் சார்ஜ்னா மேல 3, 4 மில்லி வரைக்கும் கலர் இருக்கும். ஃபுல் பாடின்னா அடிவரைக்கும் ஒரே கலர், விலையும் கூடத்தான்.

அம்மாவுக்கு 78 வயசு, அவங்க ரூமுக்கு டார்க் பிரவுன் போடலாமா அண்ணா? (நாகர்கோவில்)

வேண்டாம்மா. வயசானவங்களுக்கு மங்கல் வெளிச்சத்துல வாசப்படிக்க விளிம்பு தெரியாது, தண்ணி சிந்திக் கெடந்தாலும் தெரியாது. வெளிர் கலர்ல மேட் போட்டுட்டு வாசப்படி ஓரத்துல மட்டும் டார்க்கா ஒரு பட்டை குடுங்க.

10க்கு 12 ரூம், 2க்கு 2 டைல்ஸ், எத்தனை பாக்ஸ்? (இரணியல்)

4 பீஸ் உள்ள ஒரு பாக்ஸ் 15.5 சதுர அடி. 8 பாக்ஸ் 124 வரும், கட்டிங் வேஸ்டுக்கு சேத்து 9 வாங்குங்க. எல்லா பாக்ஸ்லயும் ஷேட் நம்பர், பேட்ச் நம்பர் ஒண்ணான்னு பாத்துட்டு வண்டில ஏத்துங்க. ஜாயிண்டுக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், டைல்ஸ விட கொஞ்சம் வெளிர் கிரே எடுங்க.

போட்டாச்சு அண்ணாச்சி, ஹால் இருட்டா கெடக்கு. பேத்து எடுக்கணுமா? (அருமனை)

அவசரப்படாதீங்க. சீலிங்குக்கு சுத்த வெள்ளை, சுவருக்கு மேட்ல ஆஃப் ஒயிட் அடிங்க. ஒரு டியூப் லைட்டுக்கு பதிலா எதிரெதிர் சுவர்ல ரெண்டு, 4000 கெல்வின்ல (ரொம்ப மஞ்சளும் இல்லாம ரொம்ப வெள்ளையும் இல்லாத நிறம்), வெளிச்சம் சுவர்லயும் சீலிங்லயும் படுற மாதிரி வைங்க. ஜன்னலுக்கு நேர் கீழ வெளுத்த பாய் ஒண்ணு விரிச்சு பாருங்க, தரை முழுங்குன வெளிச்சம் கொஞ்சம் மேல ஏறும். இன்னொண்ணு, நீங்க அனுப்புன போட்டோல ஜன்னலுக்கு வெளிய ஒரு வாழைக்கூட்டம் பாதி ஜன்னல மறைச்சு நிக்குதே, குலை வெட்டுனதும் மொதல்ல அத மாத்தி நடுங்க.