ஓசுமியும் சைட்டேஷன் கணக்கும்: கேள்வி பதில்

2016இல் மருத்துவ நோபல் பெற்ற ஜப்பானிய செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியைப் பற்றியும், ஓர் ஆய்வாளரின் சைட்டேஷன் எண்களை (அவர் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்ற கணக்கை) எப்படிப் படிப்பது என்பது பற்றியும் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஓசுமி அப்படி என்னதான் செய்தார்? ஆட்டோபேஜி அவருக்கு முன்பே தெரிந்ததுதானே?

தெரியும். செல் தன் பாகங்களையே உறைக்குள் கட்டிச் செரித்து மறுபடி பயன்படுத்துவதற்கு 1963லேயே அந்தப் பெயரை வைத்தவர் பெல்ஜிய செல் உயிரியலாளர் கிறிஸ்டியன் டி டூவ். ஆனால் அதை நடத்தும் மரபணுக்கள் எவை என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

ஓசுமிக்குச் சொந்த ஆய்வகம் அமைந்தது 1988இல், 43 வயதில். எடுத்துக்கொண்டது ஈஸ்ட். ஈஸ்டின் வேக்யூல்தான் அதன் செரிமான அறை. உள்ளே வருவதெல்லாம் உடனே கரைந்துவிட்டால் எதைப் பார்ப்பது? அதனால் வேக்யூலில் செரிக்கும் என்சைம் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் வேக்யூல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தது! அது 1992இல் கட்டுரையானது. அடுத்து, ஆட்டோபேஜி பழுதான ஈஸ்ட் பட்டினியில் சீக்கிரம் செத்துவிடும் என்பதையே சல்லடையாக வைத்து, மரபணு மாறிய ஈஸ்ட்களைச் சலித்தார். 1993இல் 15 மரபணுக்கள் அகப்பட்டன.

கேள்வி: அந்த 1993 கட்டுரை ‘ஃபெப்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. அவ்வளவு பெரிய இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழ் இல்லையே?

இல்லைதான். ஆனால் இம்பாக்ட் ஃபாக்டர் இதழின் சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த சைட்டேஷன்களைக் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான இதழ்களில் ஒரு சில கட்டுரைகள் வாரிக் குவிக்கும், மற்றவை அந்தச் சராசரிக்குக் கீழேயே கிடக்கும். இந்த எண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்ற ‘டோரா’ பிரகடனமே 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில், அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் உருவானதுதான்.

இன்னொன்று, அந்த இரண்டு ஆண்டு ஜன்னல். ஓசுமியின் துறை சூடு பிடித்ததே 1990களின் கடைசியில். ஈஸ்ட் மரபணுக்களுக்கு மனித செல்லிலும் உறவுக்காரர்கள் இருப்பது தெரிந்தது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர் பெத் லெவினின் குழு பெக்லின்-1 என்ற மரபணு மூலம் ஆட்டோபேஜியைப் புற்றுநோயோடு இணைத்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் துறையில் ஆய்வாளர்கள் கூட்டம் சேர்ந்தது. 1995இல் அந்தக் கட்டுரையின் சைட்டேஷனை எண்ணியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

கேள்வி: அவர் பெயர் உள்ளவற்றில் நோபலுக்குக் காரணமான கட்டுரைதான் அதிக சைட்டேஷன் பெற்றதா?

இல்லை. 2000இல் ‘எம்போ ஜர்னல்’ இதழில் எல்சி3 என்ற புரதம் பற்றி வந்த கட்டுரை அதைத் தாண்டிவிட்டது. அதில் கடைசிப் பெயர் தமோட்சு யோஷிமோரியுடையது. ஓசுமி அதற்கு முந்தைய இடத்தில். செல் உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். இதைப் பார்க்காமல் மொத்த எண்ணைச் சொல்வது அரைகுறைக் கணக்கு.

எல்சி3 ஏன் முந்தியது? பாலூட்டி செல்லில் ஆட்டோபேஜியை அளக்க, புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எல்லாரும் தேடும் பட்டை அது. கருவி தந்த கட்டுரையை எல்லாரும் குறிப்பிட்டே ஆக வேண்டும். புரத அளவை அளக்கும் முறையைச் சொன்ன லௌரியின் 1951 கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன் வாங்கியதும் இதே காரணத்தால்தான். சைட்டேஷன் முதலில் காட்டுவது பயன்பாட்டை.

கேள்வி: எச்-இன்டெக்ஸ் எனக்கு 11, உடன் படித்தவருக்கு 30. கவலைப்பட வேண்டுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 5, 4, 1 சைட்டேஷன் என்றால் எச்-இன்டெக்ஸ் 4. ஏனென்றால் நான்கு கட்டுரைகளுக்குத் தலா குறைந்தது நான்கு சைட்டேஷன் வந்திருக்கிறது. ஐந்து கட்டுரைகளுக்குத் தலா ஐந்து வரவில்லை. அந்த 40 நாளைக்கே 4,000 ஆனாலும் விடை 4தான். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்த அளவு, ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரைக் கண்டுகொள்வதே இல்லை. வயதோடு ஏறும், பெரிய குழுவில் இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். உங்களோடு படித்தவர் எந்தத் துறை, எத்தனை பேர் கொண்ட குழு என்று தெரியாமல் நான் எதையும் ஒப்பிட மாட்டேன்.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோப்பஸில் வேறு எண். எது சரி?

இரண்டும். இரண்டும் சைட்டேஷனை எண்ணும் தளங்கள்தான். ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வரும் முன்பே வெளியிடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் பட்டியலிட்ட இதழ், நூல், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பதவி உயர்வு விண்ணப்பத்தில் என்ன போடுவது?

படிவம் கேட்கும் எண்ணைப் போட்டுவிடுங்கள், அதில் வம்பு வேண்டாம். கூடவே மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன, வேறு ஆய்வகம் அதை எதற்குப் பயன்படுத்தியது என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் முறையை அப்படியே எடுத்துச் செய்து பார்த்த குழுவின் கட்டுரை இருந்தால் அதை முதலில் வையுங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக உங்கள் பெயர் வந்த இடங்களை விட்டுவிடலாம்.