படிகம் கூடினால் மின்னோட்டமும் கூட வேண்டாமா? பாலிமர் ஃபிலிமில் எனக்கு ஏன் தலைகீழாக வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி3எச்டி (மின்னூட்டம் ஓடக்கூடிய ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு) கொண்டு செய்த இரண்டு ஃபிலிம்கள், ஒரே தடிமன். எக்ஸ்-ரேயில் படிகம் தெளிவாகத் தெரிந்த ஃபிலிமில்தான் டிரான்சிஸ்டர் மின்னோட்டம் குறைவு. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் மின்னூட்டம் வேகமாக ஓட வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதுகலை ஆய்வில் ஏறக்குறைய எட்டு மாதம் நானும் இதே இடத்தில் நின்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டினார். பள்ளி விடுமுறையில் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்க நானும் நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்கு, போவேன். அந்த இடம் இப்போது முழுக்கச் செம்பனை. ஆனால் பாலிமர் அடுக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிரைதான் கண்ணில் வரும்.

கித்தாவும் (ரப்பர்) பாலிமர்தான். அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. எலெக்ட்ரான் அங்கங்கேயே கிடக்கும், அதனால் ரப்பர் மின்கடத்தாப் பொருள். பி3எச்டியில் ஒற்றை, இரட்டை என்று பிணைப்புகள் மாறி மாறி வருவதால் எலெக்ட்ரான் சங்கிலி நெடுகப் பரவ முடியும். இத்தகைய சங்கிலி கொண்ட பாலிஅசெட்டிலீனில் அயோடினை ஏற்றி, அது மின்சாரத்தைக் கடத்துவதை ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் 1977-இல் காட்டினார்கள். 2000-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான்.

இனி அடுக்கு. பி3எச்டி படிகத்துக்குள் மின்னூட்டம் போக மூன்று திசைகள். சங்கிலி நெடுகப் போவது நிரையிலேயே நடப்பது மாதிரி, மிகச் சுலபம். ஒரு சங்கிலியின் தட்டையான முகத்திலிருந்து அடுத்ததன் முகத்துக்குத் தாவுவது பக்கத்து நிரைக்குப் போவது மாதிரி. இடைவெளி சுமார் 0.38 நானோமீட்டர், தாவலாம். மூன்றாவது திசையில், முக்கியச் சங்கிலியிலிருந்து கிளைக்கும் ஹெக்சில் பக்கச் சங்கிலிகள் புதர் மண்டி நிற்கின்றன. அங்கே இடைவெளி சுமார் 1.6 நானோமீட்டர். இடைவெளி கூடக் கூடத் தாவும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் சரிவதால் அந்தப் பக்கம் வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஃபிலிமுக்கு இணையாகப் போகிறது, அதுவும் கேட் மின்காப்பை (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மின்கடத்தாப் படலம்) ஒட்டிய சில நானோமீட்டருக்குள். எனவே பக்கச் சங்கிலிகள் தரையில் ஊன்றி, மூலக்கூறு விளிம்பில் நிற்க வேண்டும். அப்போதுதான் முகத்துக்கு முகம் தாவும் திசை ஓட்டத்தின் திசையோடு ஒத்துப்போகும். மூலக்கூறு முகம் குப்புறப் படுத்தால் தாவும் திசை செங்குத்தாகிவிடும். சூரிய மின்கலத்துக்கு அது நல்லது, டிரான்சிஸ்டருக்கு ஆகாது. 1999-இல் கேம்பிரிட்ஜில் சிர்ரிங்ஹாஸ் குழு இந்த இரண்டு கிடப்பையும் ஒப்பிட்டபோது, நகர்திறன் (மின்னூட்டம் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதன் அளவு) 100 மடங்குக்கு மேல் வேறுபட்டது. ஒரே வேதிப்பொருள், கிடக்கும் விதம் மட்டும் வேறு! அதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் ஃபிலிமின் சிக்கல் கிடப்பில் இல்லை, இணைப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரப்பர்க் காடு இருந்தது. புல்கூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஓடையைத் தாண்ட ஒரே ஒரு தென்னங்கட்டைப் பாலம். மழையில் அது அடித்துக்கொண்டு போனால் அத்தனை மரத்துப் பாலும் அன்று ஸ்டோருக்கு (பால் சேர்க்கும் கொட்டகைக்கு) வராது. பாலிமர் ஃபிலிமும் இப்படித்தான்: ஒழுங்கான குட்டிப் படிகங்கள், நடுவில் குழம்பிய பகுதி. நீளமான சங்கிலி ஒன்று ஒரு படிகத்தில் தொடங்கி, குழம்பிய பகுதியைக் கடந்து, அடுத்த படிகத்துக்குள் நுழைந்தால் அதுவே பாலம். சங்கிலி குட்டையாக இருந்தால் பாலம் கிடையாது.

குட்டைச் சங்கிலிகள் அழகாகப் படிகமாகும் என்பதுதான் நம்மை ஏமாற்றும் இடம். எக்ஸ்-ரேயில் கூர்மையான முகடுகள் வரும், மனம் குளிரும். 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைன், மெக்கீ ஆகியோர் பி3எச்டியின் மூலக்கூறு எடையை (சங்கிலி நீண்டால் எடை கூடும்) சுமார் 3,000-இலிருந்து 36,000 வரை மாற்றிப் பார்த்தார்கள். எடை குறைந்தவை அதிகம் படிகமாயின, ஆனால் எடை கூடியவற்றின் நகர்திறன் ஆயிரம் மடங்குக்கும் மேல் உயர்ந்தது. என் ஆய்விலும் கதை இதுதான். ஆய்வகத்தில் மலிவாகக் கிடைத்த எடை குறைந்த பாலிமரை வைத்துக்கொண்டு, சூடாக்கும் வெப்பநிலையைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன். எட்டாவது மாதம் வேறொரு குழுவிடம் எடை கூடிய பாலிமர் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். முகடுகள் மங்கின, மின்னோட்டம் ஏறியது.

ஐடிடிபிடி என்றொரு பாலிமர் இன்னும் வியப்பானது. அதில் நீண்ட படிக ஒழுங்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனாலும் நகர்திறன் வோல்ட்-விநாடிக்கு 1 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகவே இருப்பதால், மின்னூட்டம் பெரும்பாலும் நிரையிலேயே நடந்து, எப்போதாவது மட்டும் பக்கத்துக்குத் தாவினால் போதும்.

கரைப்பானையும் கவனியுங்கள். குளோரோஃபார்ம் 61 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, கரைசலை ஊற்றி ஃபிலிமாகப் பரப்பச் சுழற்றும்போதே காய்ந்துவிடும். சங்கிலிகள் இடம் பார்த்து உட்கார நேரமில்லை. டிரைகுளோரோபென்சீன் 213 டிகிரி, மெதுவாகக் காயும். பி3எச்டியில் இந்த ஒரு மாற்றமே நகர்திறனைச் சுமார் 10 மடங்கு உயர்த்தியதாகப் பதிவு உண்டு. ஆனால் பாலமே இல்லாத ஃபிலிமை மெதுவாகக் காயவைத்துப் பெரிய பயன் இருக்காது. அதனால் முதலில் இரண்டு குப்பிகளின் லேபிளிலும் மூலக்கூறு எடை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதினால், அடுத்து எதை மாற்றலாம் என்று சேர்ந்தே யோசிப்போம்.